அப்பாவின் மொய் நோட்டும் அல்ஜீரியக் கொத்தனாரும்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரர்கள் கம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தம்பி பீரோவிலிருந்து மூன்று நோட்டுகளை எடுத்துவந்து என் மடியில் வைத்தான். "அக்கா, பேங்கில் இருப்பவள் நீதான். இதையெல்லாம் பார்த்துக் கணக்கை முடித்துவிடு. எவ்வளவு ஆனாலும் நான் அனுப்புகிறேன்" என்றான். மறுநாள் விடியற்காலை அவனுக்குத் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் விமானம்.

மூன்றும் மொய் நோட்டுகள். என் காது குத்துக்கு 1984இல் எழுதியது ஒன்று. எங்கள் இருவர் கல்யாணத்துக்கும் சேர்த்து எழுதியது ஒன்று. 2014 ஆடியில் அப்பா வைத்த மொய் விருந்தில் எழுதியது ஒன்று. நீளவாக்கில் தைத்த கணக்கு நோட்டுகள். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். வரிக்கு ஓர் ஊர், ஓர் இனிஷியல், ஒரு பெயர், ஒரு தொகை. 1984ஆம் ஆண்டு நோட்டில் 5, 11, 21 என்று போகிறது. ஒரே ஒரு 101 இருக்கிறது, அது தாய்மாமன் எழுதியது. இடப்பக்கம் மொய் எழுதியவரின் கையெழுத்து. வலப்பக்க ஓரத்தில் அப்பாவின் கையெழுத்து: அந்த வீட்டு விசேஷத்துக்கு அவர் போய்த் திருப்பிச் செய்த தேதி, தொகை. செய்து முடித்ததற்கு ஒரு டிக். டிக் இல்லாத வரிகள்தான் என் வேலை.

எங்கள் ஊர் பேராவூரணிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்கோடியிலும் அதையொட்டிய புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலும் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமோ காது குத்தோ இருக்க வேண்டியதில்லை. மொய் வாங்குவதற்கென்றே அழைப்பிதழ் அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போடுகிற விருந்து அது. தனியாக வைத்தால் செலவு தாங்காது என்று பத்துப் பேர், இருபது பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பார்கள். ஆளுக்கொரு மேசை, ஆளுக்கொரு நோட்டு, பணம் போட ஆளுக்கொரு பாத்திரம். சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு குடும்பத்தின் முறை வரும். நடுவில் உள்ள ஆண்டுகளில் தனக்கு எழுதியவர்களின் விருந்துக்குப் போய்த் திருப்பிச் செய்ய வேண்டும். எனக்கு 500 எழுதியவருக்கு நான் 1,000 எழுதினால் அதில் 500 பழையது, 500 புது நடை. வெறும் 500 மட்டும் எழுதினால், 'நமக்குள் இதோடு சரி' என்று அர்த்தம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நோட்டைப் புரட்டும்போது தெரிந்துவிடும்.

2014இல் அப்பாவுக்கு நான்கு லட்சத்துச் சொச்சம் வந்தது. போர் போட்டார், தென்னைக்குச் சொட்டுநீர்க் குழாய் இழுத்தார், என் கல்யாணக் கடனில் மிச்சமிருந்ததை அடைத்தார்.

திருச்சியில் ஒரு கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். கணக்கு நிலுவையில் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. திருச்சிக்கு வந்ததும் மூன்று நோட்டையும் எக்செல்லில் ஏற்றினேன். டிக் இல்லாதவை 63 பெயர்கள். மொத்தம் 1,12,400 ரூபாய். தம்பி சொன்னபடி பணம் அனுப்பினான். கைபேசி எண் கிடைத்த 22 பேருக்கு ஒரே மாலையில் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். வந்த தொகை எவ்வளவோ அவ்வளவே, ரூபாய் பிசகாமல். குறிப்பில் 'அப்பா மொய்க் கணக்கு' என்று தட்டச்சு செய்தேன். எட்டு மணிக்கு முடித்துவிட்டு, அப்பாவுக்கு ஒரு நல்ல காரியம் செய்தோம் என்ற நிறைவோடு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன்.

எட்டரைக்கு முதல் அழைப்பு வந்தது. சைக்கிள் கடை மாமா. "ஆத்தா, நான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா? துக்கத்துக்கு வந்தபோது ஏதாவது குறை வைத்துவிட்டேனா?" அவர் குரல் நடுங்கியதை என் காதால் கேட்டேன். அடுத்து குறிச்சி அத்தை. அவர் கேட்ட கேள்வியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை: "உன் அப்பன் போனதோடு எங்களையும் போகச் சொல்கிறாயா?" ஒருவர் ஒன்றும் பேசாமல் பணத்தை அப்படியே திருப்பி அனுப்பினார். இன்னொருவர் பணத்தை வைத்துக்கொண்டார்; அதற்குப் பிறகு எங்களோடு பேச்சில்லை.

வட்டியில்லாத கடனை வட்டியில்லாமல் அடைத்தேன். அதில் யாருக்கு என்ன மனக்குறை என்று அன்றிரவு எனக்குப் புரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பிறகு தொலைநிலைக் கல்வியில் சமூகவியல் முதுகலை படித்தேன். பதவி உயர்வுக்கு உதவும் என்று தொடங்கியது, உதவவில்லை. ஆனால் படித்தது வேறு விதமாக என்னோடு தங்கிவிட்டது. அந்த வாரம் பரணிலிருந்து பழைய குறிப்பேடுகளை இறக்கினேன். மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளரைப் பற்றி நான் எழுதி வைத்திருந்தது முதலில் வந்தது. சமூகவியலை நிறுவியவர்களில் ஒருவரான எமில் துர்க்கைமின் அக்காள் மகன். 1925இல் வெளியான கட்டுரையில், அன்பளிப்பு என்பது விருப்பம்போல் கொடுப்பதாகத் தெரிந்தாலும் அதற்குள் மூன்று கடமைகள் இருக்கின்றன என்று காட்டினார்: கொடுத்தாக வேண்டும், வாங்கிக்கொண்டாக வேண்டும், திருப்பிச் செய்தாக வேண்டும். தேர்வுக்கு இதை எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அந்த மூன்றாவது கடமையைத்தானே நான் செய்தேன்? பிறகு என்ன பிழை?

விடை அடுத்த குறிப்பேட்டில் இருந்தது. பியேர் பூர்தியூ என்ற சமூகவியலாளர் பிரான்சின் தென்மேற்கு மூலையில் ஒரு கிராமத்தில் 1930இல் பிறந்தவர். தந்தை தபால் ஊழியர். 1955இல் ராணுவப் பணிக்காக அல்ஜீரியா போனார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே கபிலியா மலைக் கிராமங்களில் மக்கள் எப்படிக் கொடுத்து வாங்குகிறார்கள் என்று கூர்ந்து பார்த்தார். பழைய ஆய்வாளர்கள் எல்லாரும் கொடுத்ததையும் திருப்பிக் கொடுத்ததையும் பார்த்தார்கள். நடுவில் ஓடுகிற காலத்தைப் பார்க்காமல் விட்டார்கள் என்பது அவர் வாதம். வாங்கிய கையோடு திருப்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பை மறுப்பதற்குச் சமம். மிகவும் தாமதித்தால் அவமதிப்பு. இந்த இரண்டுக்கும் நடுவே, எப்போது என்று யாரும் சொல்லித் தராத ஒரு பொழுது இருக்கிறது. அதை அறிந்து நடப்பவரைத்தான் ஊர் மதிக்கும்.

இதைப் படிக்க அல்ஜீரியா வரை போக வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் பாயசம் வருகிறது. கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்தார்கள். அதற்காக, வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தி, கிண்ணத்தைக் கழுவி, அப்போதே நாலு முறுக்கைப் போட்டு அனுப்பினால்? அந்தப் பெண் முகம் சுண்டிப் போகும். கிண்ணம் நம் அடுப்படியில் இரண்டு நாள் கிடக்க வேண்டும். நம் வீட்டில் ஏதாவது செய்கிற நாளில், சூடாக, அந்தக் கிண்ணத்திலேயே போக வேண்டும். அந்த இரண்டு நாளும் கிண்ணம் நம்மிடம் இருப்பதுதான் அந்த வீட்டுக்கும் நமக்கும் உள்ள உறவு. நான் 22 வீட்டுக் கிண்ணங்களை ஒரே மாலையில் கழுவித் திருப்பி வைத்துவிட்டேன்.

பூர்தியூ ஒரு கொத்தனாரின் கதையைச் சொல்கிறார். கபிலியாவில் வீடு கட்டி முடிந்ததும் கொத்தனாரைக் கௌரவித்து விருந்து வைப்பது வழக்கம். 1955 வாக்கில், பிரான்சில் தொழில் கற்றுத் திரும்பிய ஒரு கொத்தனார் வேலை முடிந்ததும் விருந்துக்கு உட்காராமல் கிளம்பிவிட்டார். நாள் கூலி ஆயிரம் பிராங்க். அதற்கு மேல், சாப்பாட்டுக்குப் பதிலாக இருநூறு பிராங்க் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். ஊரே கொதித்துப் போயிற்று. விருந்துக்கு ஒரு விலை இருக்கிறது என்று அவர் சொன்னதால், அதுவரை யாரும் கூலி என்று நினைக்காத அத்தனையும் கூலியாகத் தெரியத் தொடங்கிவிட்டது. தேர்வுக்குப் படித்தபோது இது எனக்கு ஒரு துணுக்காக மட்டும் இருந்தது. குறிச்சி அத்தையின் குரலைக் கேட்ட பிறகு படித்தபோது, அந்தக் கொத்தனாரின் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு மாதம் விடுப்பு எடுக்க முடியாது. சனி, ஞாயிறுகளில் ஊருக்குப் போனேன். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறிப் புதுக்கோட்டை, அங்கிருந்து ஆலங்குடி வழியாக. பணத்தை வைத்துக்கொண்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை; அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது என்று கேட்டேன். அதுதான் மன்னிப்பு என்று அவர்களுக்குப் புரிந்தது. சைக்கிள் கடை மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புது நடையாக எழுதிவிடு ஆத்தா, பழையபடி ஆகிவிடும்" என்றார்.

ஆனாலும் பூர்தியூவோடு எனக்கு ஒரு தகராறு உண்டு. அன்பளிப்பில் உள்ள கணக்கை எல்லாருமாகச் சேர்ந்து பார்க்காததுபோல் இருப்பதால்தான் அது அன்பளிப்பாக நிற்கிறது என்கிறார் அவர். எங்கள் பக்கம் அப்படி இல்லை. எழுதுகிறோம். எண்ணுகிறோம். மைக்கில் ஊர் பெயர், ஆள் பெயர், தொகை சொல்லி வாசிக்கிறோம். இப்போது மொய் எழுதக் கணினியும், சுடச்சுட ரசீது அடித்துக் கொடுக்கும் பிரிண்டரும் வந்துவிட்டன; பெரிய விருந்துகளில் பணம் எண்ணும் இயந்திரம் ஓடுகிறது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு குடும்பம் கல்யாண அழைப்பிதழிலேயே கியூஆர் குறியீட்டை அச்சடித்திருந்ததைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இதில் எதை மறைக்கிறோம்? எதையும் இல்லை. கணக்கு வெளிச்சத்தில் இருந்துகொண்டே உறவும் உயிரோடு இருக்கிறது. கபிலியாவில் மூடி வைத்ததை நாங்கள் ஒலிபெருக்கியில் சொல்கிறோம், ஒன்றும் குடி முழுகவில்லை. என் முறைகேடு கணக்கைக் காட்டியது அல்ல, கணக்கை மூடியது.

விவியானா செலிசர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இந்த இடத்தில் எனக்கு அதிகம் உதவுகிறார். அர்ஜென்டினாவில் பிறந்தவர். பணம் எல்லாம் ஒரே நிறம் என்று பொருளியல் சொல்வதை அவர் ஏற்றுக்கொள்வதில்லை. மக்கள் பணத்துக்குப் பெயர் வைக்கிறார்கள், இது வாடகைக்கு, இது பிள்ளைக்கு என்று டப்பாவிலும் உறையிலும் பிரித்து வைக்கிறார்கள், ஒன்றை இன்னொன்றோடு கலக்க மறுக்கிறார்கள் என்று 1994இல் வெளிவந்த நூலில் எழுதினார். எங்கள் அம்மா மொய்ப் பணத்தை மஞ்சள் பையில் கட்டி அரிசிக் குதிரின் மேல் வைப்பார். மளிகைக்குப் பத்து ரூபாய் குறைந்தாலும் அதிலிருந்து எடுக்க மாட்டார். பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்குவார். சிறுவயதில் எனக்கு அது வீம்பாகத் தெரிந்தது. அந்தப் பையிலிருந்து எடுத்தால் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்தை எடுத்துச் சாப்பிட்ட மாதிரி என்று அம்மா ஒருமுறை சொன்னார். நூறோடு வைக்கிற அந்த ஒரு ரூபாயும் அப்படித்தான். நூறு என்றால் முடிந்துபோன எண், நூற்றொன்று என்றால் அடுத்த நூறு தொடங்கிவிட்டது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். வங்கியில் ஒரு ரூபாய் நிலுவை இருந்தால் கணக்கை மூட முடியாது. மொய்யில் அந்த ஒரு ரூபாய், மூடாமல் இருப்பதற்காகவே வைப்பது.

மொய் விருந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வட்டியில்லாக் கடன் என்று புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை. என் இருக்கைக்கு எதிரில் ஆடி மாதம் வந்து நிற்பவர்களை நான் பார்க்கிறேன். ஒரே நாளில் மூன்று விருந்து, எல்லாம் திருப்பிச் செய்ய வேண்டியவை. கையில் பணமில்லை. காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றி என் தராசில் வைக்கிறாள் ஒருத்தி. தோடு கழன்ற காதில் உடனே வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்கிறாள், துளை தூர்ந்துவிடாமல் இருக்க. அரக்கு கழித்து எடை போட்டு நான் கடன் எழுதுகிறேன். அவள் அதை வாங்கிப் போய் மொய் எழுதுகிறாள். வட்டியில்லாக் கடனை அடைக்க வட்டிக்குக் கடன். வட்டியைக் கட்டுகிறவள் அவள். மைக்கில் வாசிக்கிற பெயர் அவள் கணவருடையது. எங்கள் மூன்று நோட்டுகளிலும் சேர்த்துப் பெண் பெயர் பதினொன்றுதான் இருக்கிறது. அத்தனையும் கணவரை இழந்தவர்கள்.

நோட்டில் யார் இருக்கிறார்கள் என்று இத்தனை நாள் பார்த்துக்கொண்டிருந்த நான், யார் இல்லை என்று பார்க்கத் தொடங்கியது அந்தப் பதினொன்றை எண்ணிய பிறகுதான்.

எங்கள் தோப்பில் அப்பாவின் காலம் முழுக்க வேலை செய்தவர் ஒருவர் இருக்கிறார். ஊருக்கு வெளியே காலனியில் வீடு. பெயரை இங்கே எழுதக் கூடாது. எழுதாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எட்டு வயதில் நான் அவரை அந்தப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், ஒருமையில். அவர் என்னை, "வாங்க பாப்பா" என்பார். என் அப்பா நல்லவர் என்று ஊரில் பெயர். தீபாவளிக்கு அவருக்கு வேட்டி, அவர் மனைவிக்குச் சேலை, மகன் படிப்புக்குப் பணம், மகள் கல்யாணத்துக்கு இரண்டு மூட்டை நெல் எல்லாம் கொடுத்தார். இவை எதுவும் மொய் நோட்டில் இல்லை. 2014 விருந்து நடந்தபோது அவர் பந்தலுக்குப் பின்னால் விறகு பிளந்துகொண்டிருந்தார். கடைசிப் பந்திக்குப் பிறகு அவர் வீட்டுக்கு ஒரு தூக்கில் குழம்பு போயிற்று. அவரிடம் யாரும் மொய் கேட்கவில்லை. அவர் கொடுத்திருந்தாலும் வாங்கி எழுதியிருப்போமா என்பது எனக்குத் தெரியும்.

கொடுத்துக்கொண்டே இருப்பது, ஆனால் திருப்பிச் செய்ய இடமே தராமல் இருப்பது: இதற்கும் பூர்தியூ ஒரு பெயர் வைத்திருக்கிறார், குறியீட்டு வன்முறை என்று. சாட்டையோ மிரட்டலோ தேவையில்லை. திருப்ப முடியாத அன்பளிப்பு வாங்கியவரைக் காலத்துக்கும் கீழே உட்கார வைத்துவிடும்; அவரும் அதை அன்பு என்றே சொல்வார். இந்த வரியை நான் தேர்வில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் என் அப்பாவின் முகம் அதில் எனக்குத் தெரிந்திருக்காது. இன்று எழுதும்போதும் கை தயங்குகிறது. அவர் ஊருக்கு நல்லவராக இருந்ததும் உண்மை, அந்த நல்லதனம் ஒருபக்க வாசலாக இருந்ததும் உண்மை.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் எங்கள் பக்கம் கரையேறிப் போனது. விடிந்து பார்த்தபோது இரண்டு ஏக்கரில் இருந்த 140 தென்னையில் 11 நின்றன. சாய்ந்தவை எல்லாம் ஒரே திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன. மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. கிடைத்த ஆளுக்குக் கேட்ட கூலி கொடுக்க வேண்டியிருந்தது. மின்சாரம் வரப் பல நாள் ஆயிற்று. மொய் எழுதிக்கொண்டிருந்த ஊர்கள் எல்லாம் அடுத்த ஆடியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அப்பாவின் முறை 2019இல் வர வேண்டும். அவர் வைக்கவில்லை. அதற்குப் பிறகு கொரோனா. அதற்குப் பிறகு அவரே இல்லை.

இரண்டாம் முறை நோட்டுகளைப் பார்த்தபோதுதான், மூன்றாவது நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கண்டேன். எக்செல்லில் ஏற்றும்போது அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் அதில் தொகை இல்லை. பென்சிலால், அப்பாவின் சாய்ந்த எழுத்தில் இரண்டு வரி. மேலே, எங்கள் தோப்பில் வேலை செய்த அவருடைய பெயர். இனிஷியலோடு, எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டிராத முழுப் பெயர். கீழே: 'கஜா. மரம் அறுத்தது 3 நாள், அப்பனும் மகனும். கூலி வாங்க மறுத்துவிட்டான்.' 'டான்' என்பதை அடித்து, 'டார்' என்று திருத்தியிருந்தார். வலப்பக்க ஓரத்தில், வழக்கமாகத் தேதி எழுதுகிற இடத்தில், ஒன்றும் இல்லை. டிக்கும் இல்லை.

அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு அடுப்படிப் படியில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒற்றை எழுத்தை அவர் எப்போது திருத்தினார்? எழுதிய அன்றா, பல மாதம் கழித்தா? பென்சிலின் கருமை இரண்டுக்கும் வேறுபட்டிருந்தது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

இரண்டு பேர், மூன்று நாள். அந்த நேரத்துக் கூலியைப் போட்டுப் பெருக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகாது. பெருக்கவும் செய்தேன். அந்தத் தொகையை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் வேண்டாம் என்று தள்ளிய கூலியை நான் வற்புறுத்திக் கையில் திணித்ததாக ஆகும். அவர் வாழ்நாளில் எங்கள் வீட்டுக்குச் செய்த ஒரே ஒரு கொடையை மறுபடியும் கூலி வேலையாக மாற்றிவிடும். இருநூறு பிராங்க் கேட்ட கொத்தனாருக்கும் எனக்கும் அப்போது என்ன வித்தியாசம்? ஆகவே காத்திருந்தேன். வங்கி ஊழியருக்குக் காத்திருப்பது எளிதல்ல.

2023 ஆவணியில் நான் ஊருக்குப் போயிருந்த சனிக்கிழமை, வாசல் கேட்டுக்கு வெளியே அவர் நின்றுகொண்டிருந்தார். கையில் மஞ்சள் தடவிய அழைப்பிதழ்கள். உள்ளே வாருங்கள் என்றேன். திண்ணை வரை வந்தார், உட்காரவில்லை. "பேத்திக்குக் காது குத்து, பாப்பா. பெரியவர் இருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லாமல் இருக்கக் கூடாது என்று வந்தேன்" என்றார். வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். அப்பாவின் காலத்திலும் அவர் வீட்டு விசேஷங்களுக்கு இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார். நெல் மூட்டையோ சேலையோ இங்கிருந்து போகும், ஆள் போகமாட்டோம். "வருகிறேன் ஐயா" என்றேன். அந்த 'ஐயா' என் வாயிலிருந்து முதல்முறை வந்ததால் எங்கள் இருவருக்குமே அது காதில் பட்டது. அவர் தலையைக் குனிந்து அழைப்பிதழின் ஓரத்தைச் சரிசெய்தார்.

போனேன். தம்பியிடம் சொல்லவில்லை, பெரியப்பா வீட்டில் சொன்னேன், அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதைப் பற்றி இங்கே மேலும் எழுத விரும்பவில்லை. காலனியில் அவர் வீட்டு முன்னால் தென்னங்கீற்றுப் பந்தல். எங்கள் தோப்புக் கீற்றுதான், மிச்சமிருந்த மரங்களிலிருந்து அவர் விலை கொடுத்து வாங்கியது என்று பிறகு தெரிந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீரிட்டது. ஆசாரி ஊசியை எடுத்தபோது எல்லாரும் சேர்ந்து சத்தம் போட்டார்கள், அழுகை கேட்காமலிருக்க.

மொய் மேசையில் கல்லூரி படிக்கிற பையன் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். 1,001 ரூபாயை நீட்டினேன். அப்பா தனக்குச் சமமான நண்பர் வீட்டுக்கு எழுதுகிற தொகை அது. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"யார் பெயரில் அக்கா? வீட்டுக்காரர் பெயரிலா?"

அப்பா பெயரைச் சொன்னேன். என் பெயரையும் கீழே எழுதச் சொன்னேன். எழுதினான்.

"புது நடைதானே?"

"இல்லை. பழையது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். மேசைக்கடியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து, எங்கள் ஊர்ப் பக்கத்தைத் தேடி, விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தான். "உங்கள் வீட்டுக்கு எங்கள் தாத்தா எழுதியதாக இதில் ஒன்றும் இல்லையே, அக்கா."

"எங்கள் நோட்டில் இருக்கிறது. எழுதுங்கள் தம்பி."

எழுதிவிட்டான். சற்று நேரத்தில் மைக்கில் வாசித்தார்கள். அவர் அப்போது பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊர் பெயரும் அப்பா பெயரும் வந்தபோது செம்பைச் சாய்த்தபடியே நின்றுவிட்டார். டம்ளர் நிரம்பி வழிந்து இலையில் ஓடியது. "தாத்தா, போதும் போதும்" என்று அந்த இலைக்காரர் கத்தினார். பிறகு அவர் என் பக்கம் வந்து, வரிசையில் ஓர் இடத்தைக் காட்டி, "உட்காருங்கள்" என்றார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை வேறு எங்கும் போகவில்லை.

வருகிற தையில் என் மகளுக்கு ஊரில் விழா வைக்கிறோம். சென்ற வாரம் அவர் வீட்டுக்குப் போய் வெற்றிலை பாக்கோடு அழைப்பிதழ் கொடுத்துவிட்டு வந்தேன். மொய் எழுதப் புது நோட்டு வாங்கட்டுமா என்று தம்பி கேட்டான். அப்பாவின் மூன்றாவது நோட்டில் இன்னும் நாற்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது. அதிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.